பழைய கம்ப்யூட்டர சரி பண்றதா, தூக்கிட்டு வேற வாங்கறதா?

"அண்ணா, இது வாங்கி எட்டு வருஷம் ஆச்சு, இதுக்கு மேல செலவு பண்ணலாமா?" சர்வீஸுக்கு வர்றவங்க முக்காவாசி பேரு இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. வயச மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க. நாலு வருஷத்துல மதர்போர்டு போன சிஸ்டமும் உண்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில பன்னெண்டு வருஷமா டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் ஓட்டிட்டு இருக்கற சிஸ்டமும் உண்டு. எந்த பார்ட் போயிருக்கு, அதுல உங்களுக்கு என்ன வேலை ஆகணும், இந்த ரெண்டும் தெரிஞ்சா முடிவு தானா வந்துரும்.

அதிகமா வர்ற கம்ப்ளைன்ட் ஸ்லோ. ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திட்டே இருக்கும், உடனே "பழசாயிருச்சு, தூக்கி போட்டுரலாம்"னு வீட்ல முடிவே பண்ணிருப்பாங்க. திறந்து பாத்தா உள்ள சாதா ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதுக்குள்ள தட்டு சுத்தி, ஊசி நகர்ந்து நகர்ந்து படிக்கணும், நல்லா இருக்கற காலத்துலயே செகண்டுக்கு 100, 150 எம்பிக்கு மேல பெருசா தராது, அதுவும் சின்ன சின்ன ஃபைலா இருந்தா இன்னும் கம்மி. அதையே சுத்தற தட்டு இல்லாம சிப்புலயே சேமிக்கற சாட்டா எஸ்எஸ்டியா மாத்துனா 500 எம்பி பக்கம் வரும். 4 ஜிபி ராம் இருக்கறத 8 ஆக்கி, ஒரு எஸ்எஸ்டியும் போட்டா, ஐ3 நாலாவது ஜெனரேஷன் சிஸ்டம் கூட பிரவுசர், யூடியூப், பையனோட ப்ராஜெக்ட் வேலைக்கெல்லாம் தாராளமா ஓடும். ஆனா 2025 கடைசியில இருந்து ராமும் எஸ்எஸ்டியும் விலை ஏறிக்கிச்சு, அதனால பழைய விலைய மனசுல வெச்சுக்கிட்டு வராதீங்க, கேட்டுட்டு கணக்கு போடுங்க.

ஹார்ட் டிஸ்க் டக் டக்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சுன்னா மட்டும் கதை வேற. அப்போ ரிப்பேரா புதுசாங்கறத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல சிஸ்டத்த ஆஃப் பண்ணுங்க. செக் டிஸ்க் ஓட்டி பாக்கறேன், ஃபார்மட் பண்ணி பாக்கறேன்னு திரும்ப திரும்ப ஆன் பண்றவங்க தான் கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாத்தையும் தொலைக்கறாங்க. பாதி செத்த டிஸ்க்குல எவ்வளவு கம்மியா ஓட்டறோமோ அவ்வளவு டேட்டா மிஞ்சும். சத்தம் இல்லாம ஸ்லோ மட்டும்னா கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல மஞ்சக் கலர்ல காஷன்னு காட்டுச்சுன்னா அன்னிக்கே வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சுருங்க.

அடுத்தது திடீர்னு ஆஃப் ஆகறது. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடற வீடுங்கள்ல இருந்து வர்ற சிபியுவ திறந்தா ப்ராசஸர் சூட்ட இழுக்கற ஹீட் சிங்க் மேல பஞ்சு மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும், ஃபேன் சுத்தும் ஆனா காத்து உள்ள போகாது. ப்ராசஸர் 100 டிகிரி கிட்ட போனா தன்னைத்தானே வேகத்த குறைச்சுக்கும், அதுக்கும் அடங்கலேன்னா ஆஃப் ஆயிரும். இத "மதர்போர்டு கம்ப்ளைன்ட்"னு சொல்லி யாராவது பில் போட வந்தா கொஞ்சம் நிதானிங்க. ஃபேன விரல்ல பிடிச்சுக்கிட்டு (சுத்த விட்டு அடிச்சா பேரிங் போயிரும்) ப்ளோயர்ல தூசி ஊதி, ப்ராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவுல காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்ட தொடச்சு புதுசு போட்டா பல சிஸ்டம் எந்திரிச்சு உக்காந்துரும்.

இன்னொண்ணு, பேங்க் சைட், ரயில் டிக்கெட் சைட் எதுவும் திறக்கல, "கனெக்ஷன் பிரைவேட்டா இல்ல"ன்னு வருது, நெட்காரன திட்டிட்டு இருப்பாங்க. வலது பக்கம் கீழ தேதிய பாருங்க, எப்பவோ பழைய வருஷம் காட்டும். மதர்போர்டுல இருக்கற காசு சைஸ் பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட், அது தீர்ந்து போயிருக்கும். தேதி தப்பா இருந்தா சைட்டோட சர்டிஃபிகேட் செல்லாதுன்னு பிரவுசர் நிறுத்திரும். அந்த பேட்டரிய மாத்த எவ்வளவு கம்மி செலவுன்னு சொன்னா கேக்கறவங்களே நம்ப மாட்டாங்க.

ஏற்காட்டு வீடுங்களுக்கு தனியா சொல்லணும். 1500 மீட்டர் உசரம், வருஷத்துல பாதி நாள் பனியும் ஈரமும். எஸ்டேட் பங்களாவுல லீவுக்கு மட்டும் ஆன் பண்ற சிஸ்டம்னா ராம் ஸ்லாட்டுல ஈரம் ஏறி காண்டாக்ட் கறுத்துரும், ஆன் பண்ணா பீப் பீப், டிஸ்ப்ளே வராது. ப்ளக்க கழட்டிட்டு, ராம எடுத்து, தங்கக் கலர் பல்லு இருக்கு பாருங்க, அத பென்சில் ரப்பர்ல தேச்சு மாட்டுனா நிறைய தடவ சரியாயிரும். வாரம் ஒரு தடவ ஒரு மணி நேரம் சும்மாவாவது ஓட விடுங்க, உள்ள சூடு வந்தாலே ஈரம் தங்காது.

அப்புறம் இடி. சித்திரை கோடை மழையும் ஐப்பசி மழையும் வந்தா மலை மேல இருந்து சிஸ்டம் வரிசையா இறங்கும். ஸ்விட்ச ஆஃப் பண்ணா பத்தாது, ப்ளக்கையும் நெட் வர்ற லேன் ஒயரையும் கழட்டணும். லேன் போர்ட் மட்டும் போயிருந்தா போர்டையே மாத்த வேண்டியதில்ல, யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒண்ணு போதும். கேபினட்ட தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னு எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ள இருக்கற பவர் சப்ளை பெட்டிய மாத்த சொல்றவங்களும் உண்டு. எஸ்எம்பிஎஸ்ல இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர் பாடியோட சேர்ந்திருக்கும், எர்த் இல்லேன்னா பாடியில கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ், 115 பக்கம் நிக்கும், கரண்ட் ரொம்ப கம்மிங்கறதால சுர்ருன்னு மட்டும் இருக்கு. பாறை நெலத்துல எர்த் சரியா எறங்கறதில்ல, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அத பாருங்க. எர்த்த விட்டுட்டு புது சிஸ்டம் வாங்கி அதே ப்ளக்குல சொருகுனா அதுக்கும் அதே கதி தான்.

சரி, எப்போ தூக்கிரணும்? மதர்போர்டே போயிருந்தா. கெப்பாசிட்டர் தலை உப்பி நிக்கும், இல்லேன்னா எத மாத்துனாலும் எந்திரிக்காது. ஹெச்61, ஹெச்81 மாதிரி பழைய போர்டு பேரு தெரியாத கம்பெனியில புதுசாவே கிடைக்குது, பில்லிங் மட்டும் ஓட்டற சிஸ்டம்னா போடலாம், வீட்டுக்குன்னா எனக்கு மனசு வராது. ரிப்பேர் செலவ புது சிஸ்டம் விலையோட ஒப்பிட்டா எப்பவும் கம்மியா தான் தெரியும், அதனால ஆபீஸ்ல இருந்து கழிச்சு வர்ற ரீஃபர்பிஷ்டு சிஸ்டம் விலையோட ஒப்பிடுங்க, அதுல பாதிய தாண்டுச்சுன்னா நான் வேணாம்னு தான் சொல்வேன். வாங்கும்போது இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ வாங்காதீங்க, ஐ5-8500ன்னு இருந்தா அந்த மொத 8 தான் ஜெனரேஷன், ஐ5-4570னா நாலாவது.

ஏன் எட்டுன்னா விண்டோஸ் 11 எட்டுல இருந்து தான் முறைப்படி ஏறும், டிபிஎம் 2.0ங்கற செக்யூரிட்டி வசதியும் சிஸ்டத்துல வேணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு மட்டும் செக்யூரிட்டி அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும். சப்போர்ட் முடிஞ்சா சிஸ்டம் நின்னுராது, ஓடும், ஆனா அதுல நெட் பேங்கிங் பண்ணாதீங்க. குறுக்கு வழியில 11 ஏத்தி தர்றவங்க இருக்காங்க, நாளைக்கு அப்டேட் வரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நல்லா ஓடற பழைய சிஸ்டத்துக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக்கலாம், 4 ஜிபி ராம்லயே ஓடும், இலவசம், தமிழ் டைப்பிங்கும் வரும். டேலி அதுல நேரா ஓடாது, சில பழைய லேசர் பிரிண்டரும் அடம் பிடிக்கும், இத மொதல்லயே கேட்டுட்டு போடுங்க.

2011ல இருந்து அரசு குடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் நிறைய வீட்ல பரண் மேல கிடக்கு. எடுத்து பாக்கறப்போ டச்பேட் மேல தூக்கிட்டு நின்னாலோ, அடிமூடி பிதுங்கி இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், சார்ஜ் போடாதீங்க, குத்தி பாக்காதீங்க. பேட்டரி கழட்டற மாடல்னா, உப்புன பேட்டரிய தனியா கழட்டிட்டு சார்ஜர்ல மட்டும் ஓட்டலாம், சின்ன பசங்க டைப்பிங் பழக போதும்.

கடைசியா தூக்கி போடறதுன்னு ஆச்சுன்னா பழைய இரும்புக்கடைக்கு போறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்க கழட்டி கையில வெச்சுக்கோங்க, ஆதார் ஸ்கேன்ல இருந்து பேங்க் பாஸ்புக் வரைக்கும் அதுல தான் கிடக்கு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நல்லா இருந்தா அதெல்லாம் திரும்ப வாங்காதீங்க. மானிட்டர்ல விஜிஏ மட்டும் இருந்து புது சிஸ்டத்துல ஹெச்டிஎம்ஐ மட்டும் இருந்தா, ஹெச்டிஎம்ஐல இருந்து விஜிஏவுக்கு போற கன்வெர்ட்டர் கேட்டு வாங்குங்க, விஜிஏல இருந்து ஹெச்டிஎம்ஐக்கு போறதுன்னு திருப்பி மாத்தி இன்னொண்ணு இருக்கு, அது இதுக்கு வேலை செய்யாது.