பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போய்விடுமா?

"பிள்ளை பிறந்தாச்சு, சர்க்கரையும் போயாச்சு சிஸ்டர்." சிங்கப்பூரில், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மாரை அழைத்து, ஏன் பரிசோதனைக்கு வரவில்லை என்று கேட்டால் இந்தப் பதில்தான். இந்த வாரமும் அதேதான்.

நஞ்சுக்கொடி விழுந்ததும் அளவு இறங்குவது உண்மை. அதற்காகப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னது? கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 மடங்கு. ஒல்லியாக இருப்பதும், "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல" என்பதும் காப்பாற்றாது.

"மாமியார் மெஷின்ல குத்திப் பார்த்தேன், வெறும் வயித்துல 5.2" (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) என்பார்கள். அது போதாது. நம்மவர்களில் பலருக்கு வெறும் வயிற்றில் அளவு நன்றாகவே இருக்கும். சாப்பிட்ட பிறகுதான் ஏறும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் இந்த நேரத்தில் நம்பகமில்லை. பிரசவத்தில் போன ரத்தமும் ரத்தசோகையும் அதைக் குழப்பிவிடும்.

தேவை 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை. பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள். பிள்ளையின் இரண்டாம் மாதத் தடுப்பூசியும் அந்தக் காலத்தில்தான் வருகிறது; பலதுறை மருந்தகத்தில் இரண்டையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். குளுக்கோஸ் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் வழக்கம்போல் சோறு சாப்பிடுங்கள். பத்தியம் என்று சோற்றைக் குறைத்துவிட்டு வந்தால் முடிவு தப்பாகக் காட்டும். இரவு 8 மணி நேரம் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். குளுக்கோஸை 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். இடையில் கோப்பிக்கடைக்குப் போகக்கூடாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் மறைக்காதீர்கள், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். 2 மணி நேர அளவு 7.8 முதல் 11.0 வரை என்றால் எச்சரிக்கை, 11.1 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. சரியாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அரசின் நோய்த் தடுப்புத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜி 40 வயதில்தான் தொடங்குகிறது. 32 வயதுத் தாயை யாரும் தேடி வந்து கூப்பிடப் போவதில்லை.

(கருப்பட்டி போட்ட லேகியமும் சர்க்கரைதான். பாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.)

மருத்துவ ஆராய்ச்சியில் சேர அழைத்தால் "எனக்கு எதுக்கு?" என்கிறீர்கள். 2009-இல் கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியத் தாய்மாரைச் சேர்த்துத் தொடங்கிய கஸ்டோ (GUSTO) என்ற தாய்-சேய் ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. ஆபத்து உள்ளவர்களை மட்டும் சோதித்தால் பலர் விடுபடுவார்கள் என்பதும் அதில் தெரிந்தது. இன்று 24 முதல் 28 வாரத்துக்குள் உங்களுக்குச் சோதனை நடக்கிறதே, அதற்கு அந்தத் தாய்மாரும் ஒரு காரணம். ஆனால் அந்த ஆய்வில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான். ஊரிலிருந்து நீண்டகால வருகை அட்டையில் வந்த மருமகள்கள் கணக்கில் இல்லை. மானியமும் பெரிதாக இல்லாதவர்கள் அவர்களே.

சமூக ஆய்வு செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் சோறு?" என்று தமிழ்ப் பெண்ணிடம் கேட்காதீர்கள். நம் வீட்டில் யார் கிண்ணத்தில் அளக்கிறார்கள்? வீட்டுக் கரண்டியைக் காட்டச் சொல்லி, அதில் எத்தனை என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள், தமிழில் பேசுங்கள். மாமியாரையும் உட்கார வையுங்கள்; உலை வைப்பது அவர்தான்.

அடுத்த கர்ப்பம் என்றால் முதல் சந்திப்பிலேயே "போன தடவை சர்க்கரை இருந்தது" என்று சொல்லிவிடுங்கள். 24 வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.