ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான்

காரில் போன் சார்ஜர் செருகும் சாக்கெட்டுக்குள் ஒருமுறை காசு ஒன்றை விழவிட்டேன். கை தவறி உருண்டது உள்ளே போய்விட்டது. விழுந்ததே எனக்குத் தெரியாது. சத்தமும் இல்லை, பொறியும் இல்லை. அன்று மாலை போனில் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிச் செருகினேன். அதுவும் பேசாமல் இருந்தது. அப்புறம்தான் ரேடியோவும் பாடவில்லை என்பதைக் கவனித்தேன்.

சார்ஜர் வாங்குவதற்கு முன்பே ரேடியோவைக் கவனித்திருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருட்கள் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று நினைப்பதுதான் நியாயம். காரில் அந்தப் பொதுவான ஒன்று பெரும்பாலும் ஃப்யூஸ்.

ஃப்யூஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கண்ணாடி போன்ற நிறப் பிளாஸ்டிக் உடல், கீழே இரண்டு தட்டையான உலோகக் கால்கள், அவற்றை மேலே இணைக்கும் மெல்லிய கழுத்து. 1976-இல் லிட்டல்ஃப்யூஸ் நிறுவனம் கொண்டுவந்த வடிவம் இது. அதற்கு முந்தைய கார்களில் சிறு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. அந்தக் கழுத்து பெரும்பாலும் துத்தநாகத்தால் ஆனது. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். சீக்கிரம் உருகுவதற்காகவே அங்கே வைக்கப்பட்ட உலோகம் அது.

மின்சாரம் எந்த உலோகத்தின் வழியாகப் போனாலும் அதைச் சூடாக்கும். அந்தச் சூடு, மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டத்தை அளக்கும் அலகான ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. இந்த இருமடிக் கணக்குதான் ஃப்யூஸுக்கும் ஒயருக்கும் நடுவே உள்ள எல்லா விவகாரத்துக்கும் மூலம்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு ஒயரை எடுத்துக்கொள்வோம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 வாட் சூடு பிறக்கும். கையில் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எங்கோ ஓரிடத்தில் உறை தேய்ந்து, அந்த ஒயர் காரின் உடம்பில் தொட்டுவிட்டது என்று வையுங்கள். நடுவே விளக்கு, மோட்டார் என்று தடுப்பதற்கு எதுவும் இல்லை. கார் பேட்டரியோ நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக் கூடியது. 5 மீட்டர் நீளமுள்ள அந்த ஒயரில் 100 ஆம்பியருக்கும் மேல் பாய்ந்துவிடும். அப்போது மீட்டருக்கு 180 வாட். சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்தான். ஏழெட்டு சால்டரிங் அயர்ன்களை ஒரு மீட்டர் ஒயருக்குள் ஒளித்துவைத்து, அதைத் தரைவிரிப்புக்கு அடியில் படுக்கவைத்த மாதிரி. உறை உருகும், பக்கத்து ஒயர்களும் சேர்ந்து உருகும், தீப்பிடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் ஃப்யூஸ். ஒயர் உருகுவதற்குள் அதன் கழுத்து உருகி அறுந்து, மின்சாரத்தை நிறுத்திவிடும். ரேடியோவையோ சார்ஜரையோ காப்பாற்றுவது அதன் முதல் வேலை இல்லை. ரேடியோவுக்குள் இருக்கும் நுண்ணிய பாகங்கள் கருகுவதற்குள் ஃப்யூஸ் முந்திக்கொள்ளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 10 ஆம்பியர் ஃப்யூஸ் 10 ஆம்பியரைத் தாண்டியதுமே பட்டென்று அறுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த வகை ஃப்யூஸ்களுக்கான தரவிதிப்படி, 11 ஆம்பியரில் 100 மணி நேரமாவது தாங்க வேண்டும். 13.5 ஆம்பியரில் 10 நிமிடம்வரை எடுத்துக்கொள்ளலாம். 20 ஆம்பியர் என்றால் 5 விநாடிக்குள் போக வேண்டும். 35 ஆம்பியர் என்றால் அரை விநாடிகூடக் கிடையாது. கொஞ்சம் மிஞ்சினால் பொறுமை, ரொம்ப மிஞ்சினால் உடனே தீர்ப்பு. மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் சற்று அதிகமாக இழுப்பது வழக்கம். அதற்கெல்லாம் அறுந்துகொண்டிருந்தால் வண்டி ஓட்டவே முடியாது.

சரி, போன ஃப்யூஸைக் கண்டுபிடிப்பது எப்படி? பெரும்பாலான கார்களில் ஒரு பெட்டி டாஷ்போர்டுக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ இருக்கும். இன்னொன்று பானெட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில். எது எதற்கான ஃப்யூஸ் என்ற படம் மூடியின் உள்பக்கத்தில் அல்லது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். படத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். எது எங்கே இருந்தது என்பது பிறகு அவர்களுக்கே தெரியாது.

இக்னிஷனை அணைத்துவிட்டு, பெட்டிக்குள் செருகிவைத்திருக்கும் குட்டி பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக மேலே இழுத்தால் ஃப்யூஸ் வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கழுத்து அறுந்திருந்தால் தெரியும். ஆனால் கண்ணை முழுக்க நம்ப வேண்டாம். வருடக்கணக்காகச் சூடாகி ஆறி, அதிர்ந்து அதிர்ந்து, மயிரிழை அளவுக்கு விரிசல் விட்ட ஃப்யூஸ்கள் உண்டு. பார்வைக்கு முழுசாகவே இருக்கும்.

அதற்கு டெஸ்ட் லாம்ப் நல்லது: ஒரு முனையில் கூர்மையான ஊசி, மறுமுனையில் ஒயரும் கிளிப்பும், நடுவே மின்சாரம் வந்தால் எரியும் சின்ன பல்பு. ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும், சோதிப்பதற்கென்றே விட்டவை. லாம்பின் கிளிப்பைக் காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டி, இக்னிஷனைப் போட்டு, இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃப்யூஸைக் குறை சொல்லாதீர்கள், அதுவரை மின்சாரமே வரவில்லை. ஃப்யூஸைப் பிடுங்காமலே முடிகிற வேலை இது.

போன ஃப்யூஸைத் தூக்கி எறிவதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள். கழுத்து மட்டும் உருகி, சின்ன இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் சுத்தமாக இருந்தால் அது மெதுவாகச் செத்த ஃப்யூஸ். எங்கோ ஒன்று அளவுக்குக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இறுகிப்போன வைப்பர் மோட்டார் மாதிரி. உள்ளே கரி படிந்து, உலோகத் துளிகள் தெறித்து ஒட்டியிருந்தால் நேரடி ஷார்ட், அதாவது நடுவே தடுக்க எதுவும் இல்லாமல் மின்சாரம் குறுக்கே பாய்ந்திருக்கிறது. என்னுடையது இந்த இரண்டாவது ரகம்.

புதியதைப் போடும்போது அதே ஆம்பியர்தான் போட வேண்டும். நிறமே சொல்லிவிடும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அளவும் வடிவமும் ஒத்துப்போக வேண்டும், மினி என்ற சின்ன ரகம் இருந்த இடத்தில் பெரியது உட்காராது. "அடிக்கடி போகிறதே, 10-க்குப் பதில் 20 போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒயர் தடிமனாகவில்லை, ஃப்யூஸ் மட்டும்தான் தடித்தது. இனி உருகப்போவது ஒயர். போன ஃப்யூஸில் சாக்லேட்டின் பளபளக்கும் உலோகத் தாளைச் சுற்றிச் செருகுவதும் இதே கதைதான், இன்னும் மோசம்.

பேட்டரிக்கு அருகே நட்டு போட்டு முறுக்கியிருக்கும் பெரிய ஃப்யூஸ்களையும், மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர் போகும் எதையும் வீட்டில் தொட வேண்டாம். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் இணைப்புகளுக்கும் அதே விதி.

நான் சரியான 15 ஆம்பியரைத்தான் போட்டேன். இக்னிஷனைத் திருப்பியதும் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் புத்தி வந்து, ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஃப்யூஸே போடவில்லை. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் வைத்து 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டினார். பல்பு தன் வழியாக 2 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் எவ்வளவு நேரம் தேடினாலும் ஒயர் சூடாகாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்.

எரிந்தது. ரேடியோவின் பின்பக்க இணைப்பைக் கழற்றினார், அப்படியே எரிந்தது. சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு மரக்குச்சியை விட்டு நெம்பினார். காசு துள்ளி வெளியே விழுந்தது, பல்பு அணைந்தது.