நடுவர் வேறு, மத்தியஸ்தர் வேறு

இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மூன்றாவது நாடு ஒன்று தன் ஊரில் இடம் கொடுத்து, இரண்டு பேரையும் வரவழைத்துப் பேசவைக்கிறது. இந்தச் செய்தியைத் தமிழில் தரும்போது அந்த மூன்றாம் நாட்டை 'நடுவர்' என்று எழுதும் பழக்கம் பரவிவருகிறது. 'நடுவர் நாடு', 'நடுவராகச் செயல்பட விருப்பம்', 'நடுவர் முன்னிலையில் பேச்சு' என்று திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. போன வாரம் அப்படி ஒரு செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த என் பெரியப்பா கேட்டார்: "சரி, நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னாராம்?"

அவர் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. நடுவர் என்று ஒருவர் இருந்தால் தீர்ப்பும் இருக்க வேண்டும் என்பது தமிழ் தெரிந்த யாருக்கும் வரும் நினைப்பு. பிழை அந்தச் சொல்லைப் போட்டவருடையது.

ஆங்கிலத்தில் இந்த வேலைக்குப் பெயர் மீடியேஷன். 'நடு' என்று பொருள்படும் மீடியஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடமொழியின் 'மத்ய' அதற்கு உறவுச்சொல். அதோடு நிற்பதைக் குறிக்கும் 'ஸ்த' சேர்ந்தால் மத்யஸ்தர், அதாவது நடுவில் நிற்பவர். தமிழில் நாம் நெடுநாளாகச் சொல்லிவரும் மத்தியஸ்தர் இதுதான். சொல்லின் வரலாறு அவ்வளவுதான்.

இங்கேதான் 'நடுவர்' கட்சியினர் நுழைகிறார்கள். மத்திய என்றால் நடு, ஆகவே மத்தியஸ்தர் என்றால் நடுவர், வடசொல் போய்த் தமிழ்ச்சொல் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வம் எனக்கும் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சொல்லை எடுக்கும்போது அதன் வேரை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சொல் இப்போது எந்த வேலையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நடுவர் என்ற சொல் சும்மா இருக்கவில்லை. விளையாட்டில் ஆட்டக்காரரை வெளியே அனுப்புகிறவர் நடுவர். பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் பேசி முடித்தபின் எந்தக் கட்சி வென்றது என்று சொல்பவர் நடுவர். மாஜிஸ்திரேட்டுக்கு நீதித்துறையில் குற்றவியல் நடுவர் என்று பெயர். 1990இல் அமைக்கப்பட்டு 2007இல் இறுதித் தீர்ப்பு வழங்கிய அமைப்பைக் காவிரி நடுவர் மன்றம் என்கிறோம். இத்தனை இடத்திலும் நடுவருக்கு ஒரே வேலை: கேட்பது, முடிவு சொல்வது. அந்த முடிவு மற்றவர்களைக் கட்டுப்படுத்தும். இந்த அதிகாரம் இல்லாதவரைத் தமிழ் நடுவர் என்று அழைப்பதில்லை.

மத்தியஸ்தருக்கு இல்லாதது இதே அதிகாரம்தான். நாடுகளின் தகராறுகளை அமைதியாகத் தீர்ப்பது பற்றிய 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: மத்தியஸ்தர் சொல்வதெல்லாம் ஆலோசனை மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது. எதிரெதிர்க் கோரிக்கைகளை இணக்குவதும், இரு நாடுகளுக்கிடையே எழுந்த மனக்கசப்பைத் தணிப்பதும்தான் அவர் வேலை என்றும் அதில் இருக்கிறது. ஐ.நா. சாசனத்தின் 33ஆவது பிரிவு, நாடுகள் சண்டையில்லாமல் தகராறைத் தீர்க்கும் வழிகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் மத்தியஸ்தம் தனியாகவும், நடுவர் தீர்ப்பு தனியாகவும், நீதிமன்றத் தீர்வு தனியாகவும் இருக்கின்றன. அங்கே தனித்தனியாக நிற்பதை நாம் ஏன் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டும்?

குழப்பினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு பீகிள் கால்வாய்க் கதையைச் சொல்லலாம். தென்னமெரிக்காவின் தென்கோடியில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று சிறு தீவுகள். அர்ஜென்டினாவும் சிலியும் அவற்றுக்காக நெடுங்காலம் சண்டை போட்டன. முதலில் விவகாரம் நடுவர் தீர்ப்புக்குப் போனது. 1977இல் பிரிட்டிஷ் முடியின் பெயரில் தீர்ப்பு வந்தது: தீவுகள் சிலிக்கு. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டு நாடுகளும் போரின் வாசலுக்கே வந்துவிட்டன. அப்போது போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். அவர் இரண்டு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் போனார். 1979 ஜனவரி 8 அன்று மாண்டிவிடியோவில் இரண்டு நாடுகளும் வத்திக்கானின் மத்தியஸ்தத்தை ஏற்றுக் கையெழுத்திட்டன. அதற்கப்புறமும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இழுத்தது. 1984 நவம்பரில் அர்ஜென்டினாவில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. அதே மாதம் 29ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்திலும் தீவுகள் சிலிக்குத்தான் போயின! நடுவர் கொடுத்தபோது ஏற்காததை, மத்தியஸ்தர் முன்னால் தானாகப் பேசி, கடல் எல்லையில் சில ஏற்பாடுகளோடு அர்ஜென்டினா ஏற்றுக்கொண்டது. ஒரே தகராறில் நடுவரும் வந்தார், மத்தியஸ்தரும் வந்தார். இருவரையும் 'நடுவர்' என்றே எழுதினால் இந்தக் கதையைத் தமிழில் சொல்லவே முடியாது. 'நடுவர் தீர்ப்பை ஏற்காத அர்ஜென்டினா நடுவர் முயற்சியை ஏற்றது' என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நடுவர் என்றதும் நமக்கு நடுவுநிலைமை நினைவுக்கு வருகிறது. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று குறள் சொல்வது அந்தக் குணத்தை. தீர்ப்புச் சொல்பவருக்கு அது கட்டாயம் வேண்டும். மத்தியஸ்தம் செய்யும் அரசு இப்படித் துலாக்கோல்போல இருந்ததாக வரலாறு காட்டவில்லை. 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் 13 நாள் உட்காரவைத்த ஜிம்மி கார்ட்டர், இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்துவந்த அமெரிக்காவின் அதிபர். அது எல்லோருக்கும் தெரியும், சதாத்துக்கும் தெரியும். முதல் சில நாட்களுக்குப் பிறகு சதாத்தும் பெகினும் நேரில் பேசுவதே நின்றுபோனது. கார்ட்டர் வரைவுத்தாளோடு ஒரு விடுதிக்கும் இன்னொரு விடுதிக்கும் நடந்தார். அவர் செய்தது உடன்பாட்டுக்கு ஆள் சேர்க்கும் வேலை. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பேசவைத்த சோவியத் பிரதமர் கொசிகினுக்கும், தெற்காசியாவில் தன் நாட்டின் செல்வாக்கு வளர வேண்டும் என்ற அக்கறை இருந்தது. இவர்களை நடுவர் என்று அழைத்தால் வாசகர், "நடுவரே ஒரு பக்கம் சாய்ந்தவராயிற்றே" என்று சந்தேகப்படுவார். சந்தேகம் அவர்கள் வேலையைப் பற்றியதே இல்லை, நாம் போட்ட தவறான பெயரால் வருவது.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. சோழர் குடியின் நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான், அதே குடியின் நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருக்கிறான். கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பாடியது புறநானூற்றில் 45ஆவது பாட்டு. உறையூர் யாருக்குச் சேரும் என்று அவர் சொல்லவே இல்லை. இருவர் மார்பிலும் ஆத்திமாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி, இருவரும் வெல்வது இயற்கையும் இல்லை என்றார். மத்தியஸ்தம் என்றால் இதுதான். பழைய வழக்கில் இதற்குச் 'சந்து செய்தல்' என்று பெயர். சந்து என்றால் இணைப்பு, சமாதானம். இந்தச் சொல்லை மீட்டுக்கொண்டுவர எனக்கு ஆசைதான். ஆனால் 'சந்து செய்யும் அரசு' என்று இன்று எழுதினால் தெருச் சந்து என்றே படிப்பார்கள். மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

நடுவரோடு தொல்லை முடிந்துவிடவில்லை. சிலர் 'இடையீட்டாளர்' என்கிறார்கள். இடையீடு என்றால் தமிழில் தடை, இடையில் விட்டுப்போவது. பேச்சைக் கெடுப்பவருக்கு அந்தப் பெயர் பொருந்தும். வேறு சிலர் 'தலையீடு' என்றே எழுதிவிடுகிறார்கள். ஒரு நாடு உதவ முன்வந்தால் 'தலையிடத் தயார்' என்று தலைப்பு. தலையீடு என்ற சொல்லிலேயே அழைக்காமல் நுழைந்த குற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன ஹேக் உடன்படிக்கையோ, இப்படி உதவ முன்வருவதைப் பகைச் செயலாக எண்ணவே கூடாது என்கிறது. மறுக்கிற நாடு 'தலையீடு' என்று சொல்லலாம், அது அதன் அரசியல். செய்தி எழுதுபவர் அதே சொல்லைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டால் ஒரு கட்சியின் வாதத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரு தரப்பையும் பேசவைக்கும் நல்லெண்ண உதவியைக் குறிக்கும் 'குட் ஆபீசஸ்' என்ற ஆங்கிலத் தொடரை ஒருவர் 'நல்ல அலுவலகங்கள்' என்று மொழிபெயர்த்திருந்ததைப் படித்தேன். பேச்சு நடந்த கட்டடம் நன்றாக இருந்தது என்று வாசகர் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இது அச்சுக்கு வந்திருக்காது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போடுவதை மொழிபெயர்ப்பு என்று நம்பும் வழக்கம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்த விஷயத்தில் ஈழத்துத் தமிழர் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். 2002இல் போர்நிறுத்த உடன்பாட்டுக்கு நார்வே உதவியபோது அங்கே அதற்கு வைத்த பெயர் 'அனுசரணை', நார்வே 'அனுசரணையாளர்'. அது உள்நாட்டுப் போர், நாடுகளுக்கிடையே நடந்ததில்லை. ஆனாலும் சொல் பாடம் தருகிறது. தன் யோசனையை முன்வைக்காமல், பேசுவதற்கு இடமும் வழியும் அமைத்துக்கொடுத்துக் கூடவே வருபவர் அனுசரணையாளர். மத்தியஸ்தர் அதற்கும் ஒரு படி மேலே போய், 'இப்படி முடித்துக்கொள்ளலாமே' என்று தானே ஒரு வழியைச் சொல்வார். நார்வே தன்னை அனுசரணையாளர் என்றுதான் சொல்லிக்கொண்டது. இந்த நுண்ணிய வேறுபாட்டை ஒரு செய்தித்தாள் வாசகருக்கும் புரியும் சொல்லில் அவர்கள் காட்டினார்கள்.

அப்படியானால் மீடியேஷனுக்கு என்ன சொல்வது? மத்தியஸ்தம் என்றே எழுதினால் எனக்குச் சம்மதம். எல்லோருக்கும் புரிகிறது, தீர்ப்பு என்ற நிழல் அதில் விழுவதில்லை. சமரசம் என்றும் சிலர் எழுதுகிறார்கள், நீதிமன்றங்களில் சமரச மையம் என்று பெயரும் உண்டு. ஆனால் சமரசம் முடிவில் கிடைக்கும் நிலையைக் குறிக்கிறது. பேச்சு முறிந்துபோனாலும் மத்தியஸ்தம் நடந்ததுதானே, சமரசம் நடந்தது என்று அப்போது எழுத முடியாது. தமிழ்ச்சொல்லே வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை 'இணக்குநர்'. இணங்குவது தகராறில் இருக்கும் இருவர், அவர்களை இணக்குவது மூன்றாமவர். இயக்குபவர் இயக்குநர், ஓட்டுபவர் ஓட்டுநர் என்றால் இணக்குபவர் இணக்குநர். வேலைக்கு 'இணக்குதல்' என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது, எதையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. தீர்ப்பு, நடுநிலை, தலையீடு எதுவும் அதில் ஒட்டவில்லை.

பெரியப்பாவிடம் செய்தியை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்: "அந்த நாடு இரண்டு பேரையும் இணக்கப் பார்க்கிறது." அவர் உடனே கேட்டார்: "இணங்குவார்களா?"