டிஸ்சார்ஜுக்கு முன் சிரிஞ்சின் மூடியைப் பாருங்கள்

இன்சுலின் எழுதி வீட்டுக்கு அனுப்பும்போது எத்தனை யூனிட் என்று சொல்லிவிடுகிறோம். எந்த சிரிஞ்சில் எடுப்பது என்பதைப் பல வார்டுகளில் யாரும் சொல்வதில்லை. தப்பு அங்கேதான் நடக்கிறது.

நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார்கள். மாறாக, பேனா ஊசி தீர்ந்துபோய், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 வரை இழுத்தால் 50 யூனிட். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். உயிரே போகலாம்.

பேனாவும் பாட்டிலும் ஒரே வீட்டில் கலப்பது பெரும்பாலும் காசுக் கஷ்டத்தால். அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தந்தாலும், அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரைதான் நீளும். அப்புறம் சொந்தக் காசு. தாராவியில் தினக்கூலியில் ஓடும் குடும்பம் கடையில் மலிவானதைக் கேட்டு வாங்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆகவே வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ரவுண்டிலேயே டாக்டரிடம் கேட்க வேண்டும்: மாதாமாதம் இவர்களால் எதை வாங்க முடியும்? நாளுக்கு 30 யூனிட் போடுபவருக்கு 10 மில்லி பாட்டில் (400 யூனிட்) 13 நாள் வரும். மாதத்துக்கு 3 பாட்டில். பாட்டில்தான் கட்டுப்படியாகும் என்றால் வார்டிலேயே பாட்டிலில் பழக்குங்கள். டிஸ்சார்ஜ் அன்று அவசரமாக அல்ல, இரண்டு நாள் முன்பிருந்து, ஒவ்வொரு வேளையும் நோயாளியோ வீட்டில் ஊசி போடப்போகிறவரோ தன் கையாலேயே இழுத்துக் காட்டட்டும். தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியில் சொன்னதற்கு மரியாதைக்குத் தலையாட்டும் தமிழ் அம்மாக்கள் மும்பையில் நிறையப் பேர். தமிழ் தெரிந்த ஸ்டாஃபை அந்த வேளைக்கு ட்யூட்டியில் போடுவது இன்சார்ஜ் கையில்தான் இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடா? திறந்த பாட்டிலைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள், நனையாமல் சின்னக் கிண்ணத்தில் வைக்கலாம். திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள்; பொதுவாக 4 வாரம். தகரக் கூரைக்கு அடியிலும் அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஃப்ரீசரில் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலினைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108.

திட்டத்தின் 15 நாள் முடிந்ததும் 16-ஆம் நாள் வார்டிலிருந்து ஒரு போன் போகட்டும். கேட்க வேண்டியது இரண்டே: பாட்டிலில் எழுதியிருப்பது 40-ஆ 100-ஆ? சிரிஞ்சின் மூடி என்ன நிறம்?