காதெலும்பில் மிஞ்சும் மரபணு

கேரளத்து மறையூர்ப் பாறைமேட்டில் நிற்கும் முனியறைகளைப் பார்க்க உடுமலைப்பேட்டை, சின்னாறு வழியாக நிறையப் பேர் போகிறார்கள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இவை. "இதைக் கட்டுனவங்க யாரு? டிஎன்ஏ பார்த்தா தெரியாதா?" என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு.

தெரியும், கிடைத்தால். உயிர் போனதுமே டிஎன்ஏ துண்டு துண்டாக உடையத் தொடங்கிவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். சைபீரியக் குளிரில் டெனிசோவா குகையில் கிடந்த ஒரு சின்ன விரலெலும்பு, அதுவரை யாரும் அறியாத மனிதக் கூட்டம் ஒன்றை 2010இல் காட்டிக்கொடுத்தது. நம் மண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது உள்காதைச் சூழ்ந்த எலும்பை. உடம்பின் எலும்புகளிலேயே மிகக் கெட்டியானது அதுதான். அதைத் தூளாக்கி டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். சரி, அது தோண்டியவருடைய டிஎன்ஏவாக இருந்துவிட்டால்? டிஎன்ஏ நான்கு வேதி எழுத்துகளால் ஆனது; பழைய துண்டுகளின் முனைகளில் சைட்டோசின் என்ற எழுத்து சிதைந்து, படிக்கும்போது தைமின் என்ற இன்னொரு எழுத்தாகத் தெரியும். அந்தச் சிதைவுதான் பழமைக்குச் சாட்சி.

ஹரியானாவின் ராகிகரியில் 61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணின் டிஎன்ஏதான் தேறியது. 2019இல் வெளியான அந்த முடிவின்படி, சிந்துவெளிக் காலத்து அந்தப் பெண்ணிடம் தென்னாசிய ஆதிக்குடிகளின் வம்சாவளியும், பழைய ஈரானியரோடு தூரத்து உறவுள்ள வம்சாவளியும் இருந்தன. ஐரோப்பாவுக்கும் பரவிய, ஸ்டெப்பி என்னும் யூரேசியப் புல்வெளி மேய்ப்பர்களின் சாயல் இல்லை. அந்தச் சாயல் கி.மு. 2000க்குப் பிறகே இந்தப் பக்கம் வருகிறது.

தெற்கே எலும்பு கைகொடுக்காத இடத்தில் உயிரோடிருப்பவர்களின் ரத்தம் பேசுகிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு. இரண்டு வம்சாவளிகள் கலந்தால், சந்ததியின் டிஎன்ஏவில் ஒவ்வொன்றின் பங்கும் முதலில் நீளநீளமான துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏவைச் சுமக்கும் குரோமோசோம்கள் வெட்டி ஒட்டப்படுவதால் துண்டுகள் குறுகிக்கொண்டே போகும். நீளத்தை அளந்தால் காலம் தெரிந்துவிடும். குமுளிப் பக்கமும் பழனி மலையிலும் வாழும் பளியர் பழங்குடியினரின் மரபணுவை இப்படிக் கணக்கிட்டார்கள். ராகிகரிப் பெண்ணிடம் கண்ட அதே இரண்டு வம்சாவளிகள் இவர்களிடம் கலந்தது சுமார் 107 தலைமுறைக்கு முன்பு, அதாவது கி.மு. 1700க்கும் 400க்கும் இடையில். தெற்கில் பெருங்கல் ஈமச்சின்னங்கள் பரவியது ஏறக்குறைய இதே காலம்தான். ஆனாலும் காலம் ஒத்துப்போவதை வைத்து, முனியறையைக் கட்டியவர்கள் இன்னார் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு எலும்பே வேண்டும்.

ஆகவே தமிழக-கேரள எல்லையோர ஊர்களில் கிணறோ வாய்க்காலோ வெட்டும்போது, இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால், உள்ளே கைவிடாதீர்கள், கழுவாதீர்கள். வியர்வையும் எச்சிலும் பட்டாலே நம் டிஎன்ஏ ஒட்டிக்கொள்ளும். அப்படியே மூடி வைத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லியனுப்புங்கள்.