பாதிச் சுமையில் ஓடும் மின்பாதை சும்மா கிடக்கவில்லை

சென்ற மாதம் கொங்குப் பகுதியின் நடுத்தர ஊர் ஒன்றில், புதிய 110 கிலோவோல்ட் மின்பாதை குறித்து ஊர்மக்களுக்கு விளக்கம் அளிக்கச் சென்றிருந்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நான்கு பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “ஊருக்கு வரும் இரண்டு பாதைகளும் உச்ச நேரத்திலேயே 45 விழுக்காட்டுச் சுமையில்தான் ஓடுகின்றன. பாதிக்கு மேல் சும்மா கிடக்கும்போது மூன்றாவது பாதைக்குக் கோடிக்கணக்கில் செலவழிப்பது யாருக்காக?” என்று கேட்டார். பலத்த கைத்தட்டல். இதே கேள்வி இந்த ஆண்டில் என் காதில் விழுவது நான்காவது முறை. கேட்டவர் கணித ஆசிரியர் என்பது கூடுதல் வருத்தம்.

மின்தொடரமைப்புத் திட்டமிடலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாதையும் 80 மெகாவாட் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஊரின் உச்சத் தேவை 72 மெகாவாட். இரண்டு பாதைகளும் ஆளுக்கு 36 மெகாவாட் சுமக்கின்றன. ஆசிரியர் சொன்ன 45 விழுக்காடு அதுதான். இப்போது ஒரு பாதையில் மின்னல் இறங்கி அது துண்டிக்கப்படுகிறது. அதன் 36 மெகாவாட் யாரிடமும் அனுமதி கேட்காமல், கண்ணிமைக்கும் நேரத்தில் மற்றதன்மேல் ஏறிவிடும். மீதமுள்ள ஒற்றைப் பாதை 72 மெகாவாட்டைச் சுமக்கிறது. தாங்கிவிடும், ஊரில் விளக்கு அணையாது. ஆனால் தேவை ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ந்தால், இரண்டே ஆண்டுகளில் அது 81 மெகாவாட்டைத் தொட்டுவிடும். அன்றைக்கும் மீட்டர் ஏறத்தாழ 51 விழுக்காடு என்றுதான் காட்டும். பார்க்கிறவருக்குப் பாதிப் பாதை காலியாகவே தெரியும். அன்று ஒரு பாதை போனால் மற்றதும் போகும்; ஊர் முழுவதும் இருளும். ஆகவே 45 என்ற எண்ணை ஓய்வு என்று படிக்கக் கூடாது. அபாய மணி ஏற்கெனவே அடித்துவிட்டது என்றுதான் படிக்க வேண்டும்.

எங்கள் வழக்கில் இதற்கு ‘என் மைனஸ் ஒன்’ (N-1) என்று பெயர். அமைப்பில் உள்ள எந்த ஓர் உறுப்பை, அது மின்பாதையோ டிரான்ஸ்ஃபார்மரோ, எடுத்துவிட்டாலும் மிச்சமுள்ளவை சுமையைத் தாங்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் கையேடு கேட்பதும் இதையே. உங்கள் வண்டியின் ஸ்டெப்னி டயர் சும்மாதான் கிடக்கிறது என்று யாரும் அதை விற்றுவிடுவதில்லை. மின்பாதை என்று வந்தால் மட்டும் இந்த அறிவு எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்கள் 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணியை நினைவில் கொள்ளட்டும். மத்தியப் பிரதேசத்தின் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடத்தில் தனித்தனியாக மின்சாரம் சுமக்கும் இரண்டு கம்பித் தொகுதிகளில் ஒன்று, 765 கிலோவோல்ட்டாகத் தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மற்றதில் பழுது எதுவும் இல்லை. அதன்மேல் ஏறியிருந்த கடுஞ்சுமையையே பழுது என்று எடுத்துக்கொண்டு பழுதைக் கண்டுபிடித்துப் பாதையை நிறுத்தும் கருவியான பாதுகாப்பு ரிலே அதைத் துண்டித்தது. வட இந்திய மின்தொகுப்பு (கிரிட்) சரிந்தது. மறுநாள் மதியம் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து சரிந்து, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரம் இழந்தார்கள். தென்மாநிலங்கள் தப்பியதற்குக் காரணம் நம் சாமர்த்தியம் அல்ல. அன்று தென்மண்டலத் தொகுப்பு மற்றவற்றோடு ஒத்த அதிர்வெண்ணில் பிணைக்கப்படவே இல்லை, நேர்மின் (டி.சி.) இணைப்புகள் மட்டுமே இருந்தன; சரிவு அவற்றின் வழியே இங்கே பரவவில்லை.

என் மேசையில், மின்பாதைகளில் கட்டும் ‘பாந்தர்’ வகைக் கம்பியின் சாண் நீளத் துண்டு ஒன்று காகிதங்களின் மேல் பாரமாகக் கிடக்கிறது. நடுவில் 7 எஃகு இழைகள், அவற்றைச் சுற்றி 30 அலுமினிய இழைகள். பார்க்க வருபவர்கள் அதைக் கையில் எடுத்து, இவ்வளவுதானா என்று கேட்பார்கள். இவ்வளவுதான், அதுவும் சூடானால் நீளும், நீண்டால் தொங்கும். 110 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், எவ்வளவு சூடேற விடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கத்தரி வெயிலில் காற்றே 42 பாகையில் கொதிக்கும்போது கம்பிக்கு ஆறிக்கொள்ள வழியில்லை. எனவே பாதையின் தாங்குதிறன் மிகக் குறையும் நாளும், ஊர் முழுவதும் ஏசி ஓடும் நாளும் ஒன்றாகவே அமைகின்றன. 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தொங்கிய கம்பிகள் மரங்களைத் தொட்டதில் தொடங்கிய தொடர் சரிவில், சுமார் ஐந்து கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். மரக்கிளை வெட்ட வரும் ஊழியரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது மயக்கம், மின்சாரம் உபரியாக இருந்தால் மின்வெட்டு வராது என்பது. 2012இல் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது வடக்கே விற்பதற்கு மின்சாரம் இருந்த நாள்களிலும், அதைக் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்த பிறகே நாடு ஒரே தொகுப்பாயிற்று. அதே ஆண்டுகளில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், திருநெல்வேலி, உடுமலைப் பக்கக் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னதும் நடந்தது. ஒருபுறம் மின்வெட்டு, மறுபுறம் சுற்றத் தயாராக இருந்த காற்றாடிகள். சந்தையில் தக்காளி மலிந்திருக்கிறது என்பதால் நம் வீட்டில் ரசம் கொதித்துவிடாது.

சூரிய மின்நிலையம் ஒன்றை ஓராண்டுக்குள் எழுப்பிவிடலாம். அதன் மின்சாரத்தை ஏற்றிச் செல்லும் 400 கிலோவோல்ட் பாதைக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். கோபுரம் நிறுத்துவது எளிது; வழி கிடைப்பதே அரிது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டபோது அதைச் சுமந்த பாதைகளில் பெரும்பாலானவை, தேவை அதில் பாதியாக இருந்த காலத்தில் யாரோ வரைபடத்தில் கோடு போட்டவை. இன்றைக்கு நாங்கள் தவறவிடும் கோடு, எங்கள் பணி ஓய்வுக்குப் பிறகு வருபவர்கள் தலையில் விடியும்.

இங்கே விவசாயிகளைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் வேண்டும். அந்தப் பட்டையில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரத்தை வைத்துக்கொண்டு வயலில் இறங்கியதும், பயிருக்கு மட்டும் சில்லறை கொடுத்துவிட்டு வந்ததும் எங்கள் துறை தேடிக்கொண்ட பகை. 2015இல் வந்த மத்திய வழிகாட்டு நெறிமுறை, கோபுர அடிநிலத்துக்கு அதன் மதிப்பில் 85 விழுக்காடு என்றது. 2024 ஜூனில் அது 200 விழுக்காடாகவும், கம்பிகளுக்கு அடியிலுள்ள பட்டைக்கு 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. காலம் கடந்த நியாயம், ஆனாலும் நியாயம். புகளூர்–திருச்சூர் பாதையின் கேரளப் பகுதியில் ஒரு நீளம் கேபிளாகத் தரையடியில் போகும்போது எங்கள் நிலத்தில் ஏன் கூடாது என்று அவர்கள் கேட்பதும் தவறான கேள்வி அல்ல. அது நேர்மின் பாதை. மாறுமின் (ஏ.சி.) கேபிளோ, நீளம் கூடக் கூடத் தன்னைத் தானே மின்னேற்றிக்கொள்வதிலேயே திறனைத் தின்றுவிடும். செலவும் பல மடங்கு. நகரத்துக்குள் சில கிலோமீட்டருக்குச் சரி, நூறு கிலோமீட்டருக்குச் சரிவராது. இதைக் கூட்டத்தில் விளக்காமல் ‘முடியாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வரும் எங்கள் இளம் பொறியாளர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இனி, உங்களால் முடிந்தவை. மனை வாங்குமுன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். 110 கிலோவோல்ட் கம்பிக்கு அடியில் 22 மீட்டர் அகலத்தை ‘பூங்கா’ என்று வரைந்து காட்டும் புரோமோட்டரிடம் அங்கே என்ன மரம் நடுவதாக உத்தேசம் என்று கேளுங்கள். நூற்றுக்கணக்கில் மனை பிரிப்பவர்கள், துணை மின் நிலையத்துக்கு இடம் ஒதுக்காமல் கடைசி மனையையும் விற்றுவிட்டுப் பிறகு எங்களிடம் வராதீர்கள். மூன்று ஏசி ஓடும் வீட்டுக்கு, மின் இணைப்பு விண்ணப்பத்தில் இரண்டு கிலோவாட் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு கிலோவாட்டும் எங்கள் கணக்கில் இல்லாத சுமை. பட்டம் விடும் நூலும் மின்கம்பியும் சேரக் கூடாது என்பதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பது கொடுமை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: ஆட்சேபம் இருந்தால் வழித்தட அறிவிப்பு வரும் வாரத்திலேயே சொல்லுங்கள். அடித்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றிய பிறகு வரும் ஆட்சேபத்தால் யாருக்கும் பயனில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தக் கணித ஆசிரியர் என்னிடம் வந்தார். தன் காகிதத்தின் பின்புறம் பென்சிலால் 72ஐ இருமுறை பெருக்கிப் பார்த்தார். 6 விழுக்காட்டுக்குப் பதிலாக 8 போட்டும் பார்த்தார். பிறகு வழித்தட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் ஆராய்ந்தார். குளக்கரையில் வரும் கோபுரத்தை அறுபது அடி கிழக்கே தள்ளினால் பத்துப் பனைமரங்கள் தப்புமே என்றார். மறுநாள் காலை அளவையாளரை அனுப்பினோம். அவர் சொன்னது சரி. கோபுரம் தள்ளிப் போடப்படுகிறது.