ஏ.சி. பிழியும் தண்ணீர்: கொழும்பு அறையின் கரண்ட் கணக்கு

கொழும்பில் பகல் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 30, 31 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஆளை வாட்டுவது புழுக்கம்தான். 30 பாகையில் 75 வீத ஈரப்பதன் என்றால், ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கிறது. 26 பாகை, 55 வீதத்தில் உள்ள அறையில் அது 13 கிராமுக்குச் சற்று மேல்.

35 கனமீற்றர் படுக்கையறையின் காற்று மணிக்கு ஒரு முறை வெளிக்காற்றாக மாறினால், மூன்றில் ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக உள்ளே வரும். அதை ஒடுக்க, அதாவது மீண்டும் நீராக்க, 225 வாற் அளவு குளிரூட்டல் வேண்டும். அதே காற்றை நான்கு பாகை குளிர்விக்க 45 வாற் போதும். ஐந்து மடங்கு வித்தியாசம்! பழைய வீடுகளில் யன்னலுக்கு மேலே விட்ட காற்றுத் துவாரங்களை அடைக்காமல் ஏ.சி. பூட்டுவது வீண்செலவு என்பது இதனால்தான். கதவின் அடி இடைவெளிக்கும் ஒரு றப்பர் பட்டி ஒட்டுங்கள்.

ஏ.சி. தண்ணீரைப் பிழிவது அதன் கொயிலில், அதாவது உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில். 26 பாகை, 55 வீத அறைக்காற்றின் பனிநிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 16 பாகை. கொயில் அதைவிடக் குளிர்ந்தால்தான் நீர் படியும். 12 அடிக்கு 12 அடி அறைக்கு 9,000 பி.டி.யு. குளிரூட்டும் திறன் பொதுவாகப் போதும் (வெயில் காயும் கொங்கிறீற் கூரைக்குக் கீழே என்றால் கூடுதலாக வேண்டும்). "பெரிசா இருந்தா நல்லது" என்று 18,000 பூட்டினால் அறை சட்டென்று குளிரும், கொம்பிரசர் நின்றுவிடும். ஆனால் உள்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். கொயிலில் ஒட்டியிருந்த நீர் வடியுமுன் ஆவியாகி அறைக்கே திரும்பும். குளிருகிறது, ஆனால் பிசுபிசுப்பு போகவில்லை என்று ரிமோட்டில் 20க்கு இறக்குவார்கள். அப்போது சுவர்கள் வெளிக்காற்றின் பனிநிலையான 25 பாகைக்குக் கீழே போய்விடும். கதவு திறக்கும்போதெல்லாம் அவற்றில் ஈரம் படிந்து, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும்.

தேவைக்கேற்ப கொம்பிரசரின் வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டர் ஏ.சி.க்கும் ஒரு குறை உண்டு. மெதுவாக ஓடும்போது கொயில் அவ்வளவு குளிராது, நீரும் குறைவாகவே வடியும். விசிறி வேகத்தைக் குறைத்தால் கொயில் குளிரும். மழை இரவில் அறை தானாகவே 26 பாகையில் இருந்தால் கொம்பிரசருக்கு வேலையே இல்லை. ஈரத்தைப் பிழிவதற்கென்றே உள்ள 'ட்ரை' மோட் பயன்படுவது அப்போதுதான். தனி ஈரநீக்கி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒடுங்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் 0.68 கிலோவாற் மணி வெப்பமும், அது இழுத்த கரண்டும் சேர்ந்து அறைக்குள்ளேயே தங்கும்.

ஏ.சி.யை 26 பாகையில் வைத்து, கூரை விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள்.

பரிசோதிக்க வடிகுழாயின் கீழ் ஒரு போத்தல் போதும். ஈரமான அறையில் முழுவேகத்தில் ஓடும் 9,000 பி.டி.யு. ஏ.சி. மணிக்கு ஒரு லீற்றரை நெருங்கும். மிகக் குறைவாக வந்தால் முதலில் பில்டரைக் கழுவுங்கள். கொயிலில் ஐஸ் பிடித்திருந்தால், அடைத்த பில்டர் அல்லது குறைந்த காஸ். உட்சுவரில் ஒழுகினால் குழாயின் சரிவைப் பாருங்கள். நடுவில் எங்கும் மேலே வளைந்திருக்கக் கூடாது.